ஸ்க்வெர்ம்: மூன்றாவது பொருள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் கண் மருந்தை வேளைக்கு ஊற்றுகிறாயா, இல்லை அதையும் "பிறகு பார்க்க" என்று ஓரத்தில் குறித்து வைத்துவிட்டாயா? உன்னை எனக்குத் தெரியும்.

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்றாவது மாடி. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று. எதிர்க் கட்டடத்து ஜன்னலில் ஒரு பூனை நாள் பூராவும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் இவர் பழுது பார்க்கிறார், இவர் பெண்டாட்டி மூன்று மாடி ஏறுகிறாள். என் தலையெழுத்து அப்படி.

படிக்கட்டுக்குக் கீழே எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு போன் இருக்கிறது. நம்பரை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் கூப்பிடு. போனுக்குப் பக்கத்து அறையில் ஒரு கிழவர் இருக்கிறார். யார் போனை எடுத்தாலும் கதவைத் திறந்து முறைப்பார். எங்களிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வேலை செய்கிற இடத்தில் ஓர் அம்மாள் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னாள். ஸ்க்வெர்ம். என் காதில் அப்படித்தான் விழுந்தது, எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. நீதான் இப்போது அச்சகத்தில் ஆங்கிலத் தமிழ் அகராதிக்குப் புரூஃப் பார்க்கிறாயே, அதில் பார்த்து அர்த்தத்தைச் சரியாக எழுது. கேலி வேண்டாம். சீக்கிரம் எழுது. இந்தப் பத்தியை மட்டும் அம்மாவுக்கு வாசிக்காதே. பெரிதாக ஒன்றுமில்லை, சும்மாதான்.

உன் தங்கை,
வாலு


பிப்ரவரி 20

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அம்மாவுக்குக் கண் மருந்து மூன்று வேளையும் நானே ஊற்றுகிறேன். கண்ணைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழுகிறது என்று அம்மா சொல்கிறாள்.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். வழக்கம்போல முதல் கேள்வி, "விசேஷம்னு ஏதாச்சும் எழுதியிருக்காளா?" இல்லை என்றேன். "சரி, விடு. இப்பவே ஏதும் எழுதாம இருக்கட்டும். இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது" என்றாள். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் நீ எழுதிய நல்ல சேதி அடுத்த கடிதத்திலேயே இல்லை என்று ஆனபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்த படுக்கையை நீ பார்க்கவில்லை. உன்னைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் உன்மேல் வைத்திருக்கும் உயிரைச் சொல்கிறேன்.

அச்சகத்தில் இந்த வாரம் ஒரு கூத்து. ஒரு பல் டாக்டர் துண்டு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார். "வலியில்லாமல் பல் எடுக்கப்படும்" என்று இருக்க வேண்டியது "வழியில்லாமல் பல் எடுக்கப்படும்" என்று வந்துவிட்டது. நல்ல வேளை, என் கண்ணில் பட்டது. என்னை இங்கே எல்லாரும் கமா என்று கூப்பிடுவது உனக்குத் தெரியுமே. அன்று ஒரு நாள் மட்டும் முற்றுப்புள்ளி என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

இனி உன் வார்த்தை. அகராதி இப்போது எம் எழுத்தில்தான் நிற்கிறது. அகராதியைத் தொகுக்கும் பேராசிரியரின் கையெழுத்துப் பிரதியில் எஸ் எழுத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்:

ஸ்க்வெர்ம் (வினை): 1. வேதனையால் உடலைக் கோணல்மாணலாக முறுக்கு, புழுப்போல் துடி. 2. அவமானத்தால் நெளி, கூனிக் குறுகு.

நீ வேலை செய்கிற சலவைக்கூடத்தில் துணியை முறுக்கிப் பிழிவதைச் சொன்னார்களோ என்று முதலில் நினைத்தேன். அதற்கு வேறு சொல். இது உயிருள்ள உடம்புக்கு மட்டும் வரும். யார், யாரைப் பார்த்துச் சொன்னது?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நலம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் பதில் வந்தது. ஒரே ஒரு சந்தேகம். துடி என்று எழுதியிருக்கிறாயே, அது எந்தத் துடி? "புள்ள ரொம்பத் துடியா இருக்கு" என்று சொல்வோமே, அந்தத் துடியாக இருக்க முடியாதா? வலி இல்லாமலும் ஒரு உடம்பு அப்படி முறுக்கிக்கொள்ளுமா?

சிரித்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொல்ல முடியுமா என்றும் எழுது.

வேலையை விட்டுவிட்டேன். நின்றுகொண்டே இருப்பது ஒத்துக்கொள்ளவில்லை. வேறு விசேஷம் இல்லை. இதை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம், நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்.

வாலு


மார்ச் 14

அன்புள்ள வாலுக்கு,

இங்கே சுகம். அங்கே சுகம்தானா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. இத்தனை சின்னக் கடிதம் நீ எழுதியதே கிடையாது. பூனையைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை.

கேட்டதற்குப் பதில். நீ சொல்லும் துடி வேறு, இது வேறு. துடியான பிள்ளை என்றால் சுறுசுறுப்பு. இங்கே பேராசிரியர் எழுதியிருப்பது வேதனைத் துடி. கரையில் போட்ட மீன் துடிக்கிறதே, அது. ஐயமே வேண்டாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது பலரும் செய்கிற தவறு, நீயும் செய்யாதே.

சிரித்துக்கொண்டே சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும். அடுத்தவர் கூனிக் குறுகுவதைப் பார்த்துச் சிரிக்கிற ஜென்மங்கள் எல்லா ஊரிலும் உண்டு. உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். அந்தச் சலவைக்கூடத்து மேற்பார்வைக்காரி உன்னைத்தானே சொன்னாள்? நாலு பேர் முன்னால் வைத்து அவமானப்படுத்தினாளா? அதனால்தான் வேலையை விட்டாயா? நின்றுகொண்டே இருப்பது ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாய். வாலாவது, ஒரு இடத்தில் நின்றதாவது. நீ ஊகிக்க விடாமல் எழுதுகிறாய், நான் ஊகித்துக்கொண்டே இருக்கிறேன்.

உள்ளதை உள்ளபடி எழுது. அம்மாவுக்கு வாசிக்க மாட்டேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு அம்மா கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். நானும் அச்சகத்தில் இருந்து ஏதாவது சாக்கு சொல்லி வீட்டுக்கு ஓடி வருகிறேன். முதலாளி, "கமா, உனக்கு வீட்ல என்னதான் பிரச்சனை?" என்கிறார். தெரிந்தால் சொல்லமாட்டேனா?

நேற்று அம்மாவிடம் பொய் சொன்னேன். உன் பழைய கடிதத்தை எடுத்து, புதிதாக வந்தது போல வாசித்தேன். பூனை வருகிற பத்தி வந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "அந்தப் பூனை இன்னும் அங்கேயே உக்காந்திருக்கா?" என்று மட்டும் கேட்டாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

யார் என்ன சொன்னாலும் சரி, அங்கே மானத்தை விட்டுக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கிளம்பி வா. உன் அறை அப்படியே இருக்கிறது. என் பழைய புரூஃப் கட்டுகளை அதில் அடுக்கியிருக்கிறேன், ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடுவேன். வா என்றால் வா.

உன் அண்ணன்


ஏப்ரல் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். தங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும், ஆனால் எனக்கு இப்போது அறிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தங்கச்சிக்கு என்ன? என் மூன்று கேள்விக்கும் பதில் இல்லை. அவளை யாரோ கேவலமாகப் பேசியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. உங்கள் இருவருக்குள் ஏதும் மனத்தாங்கல் இருந்தால் அதையும் சொல்லலாம், நான் சண்டைக்கு வரும் ஆள் இல்லை என்று உங்களுக்கே தெரியும். பதிலை அச்சக முகவரிக்கு எழுதுங்கள். வீட்டு முகவரி என்றால் அம்மா வாசிக்கச் சொல்வாள்.

தங்கள் மச்சான்


ஏப்ரல் 17

மச்சானுக்கு வணக்கம்.

நான் நலம். கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. வேலைக் குறிப்பு எழுதித்தான் பழக்கம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அவளை யாரும் கேவலமாகப் பேசவில்லை. எங்களுக்குள் சண்டையும் இல்லை. அவள் உண்டாகியிருக்கிறாள். ஏழு மாதம் ஆகிறது.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அம்மா இன்னொரு தடவை தாங்கமாட்டாங்க. குழந்தை கையில வந்தப்புறம்தான் எழுதணும்" என்கிறாள். நான் இரண்டு நாள் யோசித்தேன். அத்தையிடம் சொல்லக் கூடாது என்பதுதான் அந்தச் சத்தியத்தின் அர்த்தம், மச்சான் பெயர் அதில் தனியாக வரவில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு எழுதுகிறேன்.

பிப்ரவரியில் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனேன். உள்ளே திரையைப் பார்த்துக்கொண்டே ஸ்கேன் எடுக்கிற அம்மாள் சிரித்து ஏதோ சொன்னாள். குழந்தையைப் பார்த்துத்தான் சொன்னாள். அதில் அந்த வார்த்தை வந்தது. எங்கள் இருவருக்கும் புரியவில்லை. என் ஆங்கிலம் அப், டவுன், டோர் ஓப்பன், அவ்வளவுதான். இவள் அங்கேயே கேட்டிருக்கலாம், கேட்கப் பயம். "எங்கண்ணனுக்கு எழுதிக் கேக்கறேன், அவன் தப்பாச் சொல்லவே மாட்டான்" என்றாள்.

உங்கள் முதல் பதில் வந்த அன்று சாப்பிடவில்லை. இரண்டாவது பதில், அந்த மீன் கடிதம், வந்ததிலிருந்து படுத்தே இருக்கிறாள். புரண்டுகூடப் படுப்பதில்லை. போன இரண்டு முறையும் குழந்தை அசைகிற மாதம் வரை போகவே இல்லை. இந்த முறைதான் அசைகிறது. ஒவ்வொரு தடவை அசையும்போதும், "பாருங்க, வலியில துடிக்குது, என்னால ஒண்ணும் செய்ய முடியலையே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். "போன தடவையும் கடைசி நாள் வரைக்கும் சரியாத்தான் இருக்குன்னாங்க" என்கிறாள். நான் சொல்வதை நம்பமாட்டேன் என்கிறாள். நீங்கள் சொன்னதை மட்டும் நம்புகிறாள்.

மச்சான், நீங்கள் எழுதியது நிஜமாகவே அவ்வளவுதானா? வேறு அர்த்தம் எதுவும் இல்லையா?

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 24

என் வாலுக்கு,

மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே. அவர் எழுதியிருக்காவிட்டால் நான் இன்னும் சலவைக்கூடத்து மேற்பார்வைக்காரியைத் திட்டிக்கொண்டிருப்பேன். பாவம், அந்த அம்மாள் யாரோ எவரோ.

முதலில் முக்கியமானது. குழந்தைக்கு வலி இல்லை. வலி இல்லை. வழி இல்லை என்று பிழையாக வாசித்துவிடாதே. வலி இல்லை.

மாப்பிள்ளையின் கடிதத்தை அச்சகத்தில் நின்றபடியே வாசித்தேன். முடித்ததும் சட்டையைக்கூடச் சரிசெய்யாமல் ஓடினேன். நம்மிடம் மருந்துச் சீட்டு அச்சடிக்கும் பிரசவ டாக்டரம்மா கிளினிக் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. காத்திருக்கும் அறை முழுக்கக் கர்ப்பிணிகள், அவரவர் மாமியார், அம்மா. நடுவில் நான் ஒருவன், விரலெல்லாம் மை. நர்ஸ் வந்து, "யாருக்கு? எத்தனை மாசம்?" என்றாள். "ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கணும்" என்றேன். அறையே திரும்பிப் பார்த்தது. அந்த நாற்காலியில் நான் நெளிந்த நெளி பேராசிரியரின் இரண்டாவது பொருளுக்கு அச்சு அசல் உதாரணம்.

டாக்டரம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "ஏங்க, ஸ்கேன்ல குழந்தை உருண்டு புரண்டு ஆட்டம் போட்டா நாங்க எல்லாரும் சொல்ற வார்த்தைங்க அது. ஒரு இடத்துல இருக்கமாட்டேங்குதுன்னு அர்த்தம். துடியா இருக்குன்னு செல்லமாச் சொல்றது. அசையாமக் கிடந்தாத்தாங்க நாங்க கவலைப்படுவோம்" என்றார். துடியா இருக்கு என்றார், வாலு. அதே சொல். நீ மார்ச்சிலேயே சரியாகக் கேட்டாய். அந்தத் துடியா என்று கேட்டாய். நான் பெரிய மேதாவி போல, இல்லை என்று எழுதினேன். மீன் வேறு, போதாதென்று. எந்தக் கையால் அதை எழுதினேனோ அந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நேராக போன் பூத்துக்கு ஓடினேன். இது உயிர் போகிற அவசரமா இல்லையா என்று யோசிக்கவே இல்லை. உன் கிழவர்தான் எடுத்தார். உன்னைக் கூப்பிடச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மூன்று மாடி நினைவுக்கு வந்தது. நீ இறங்கி ஏற வேண்டாம் என்று, சேதியை அவரிடமே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த நேரம் பார்த்து என் ஆங்கிலம் காலை வாரிவிட்டது. அகராதிக்குப் புரூஃப் பார்க்கிறவனுக்கு வாயில் வந்தது இவ்வளவுதான்: "தேர்ட் ஃப்ளோர். மை சிஸ்டர். டெல் ஹெர், ஸ்க்வெர்ம் இஸ் குட்." அவர் "வாட்?" என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். மறுபடி "வாட்?" என்றார். அதற்கு மேல் என்னிடம் சத்தம் இல்லை. பூத்துக்கு வெளியே நின்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். போன் வைக்கப்பட்டது. அவர் சொன்னாரா இல்லையா என்று தெரியாது, அதனால் இதை உடனே எழுதி இப்போதே தபாலில் போடுகிறேன்.

தயவு செய்து புரண்டு படு. சாப்பிடு. குழந்தை அசையும்போது அழாதே. அது உன் பிள்ளை, சும்மா இருக்குமா?

அம்மாவிடம் சொல்லவில்லை. நீ சொல் என்று சொன்னால் சொல்கிறேன்.

உன் அண்ணன்


மே 3

அன்புள்ள அண்ணா,

சுகம். இந்த முறை நிஜமாகவே சுகம்.

முதலில் போன் கதை. அன்று மத்தியானம் நான் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன். இவர் வேலைக்குப் போய்விட்டார். கதவை யாரோ தட்டினார்கள். மெதுவாக எழுந்து போய்த் திறந்தால் கீழ் அறைக் கிழவர். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்குகிறது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து நின்று, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர் மாதிரி, "ஸ்க்வெர்ம் இஸ் குட்" என்றார். அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார். அவருக்கும் ஏதோ விளங்கியது போல, "வெரி குட்" என்று தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டார். திரும்பி இறங்கிப் போய்விட்டார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அந்த வார்த்தைக்கு நான் அர்த்தம் கேட்டது உனக்கும் இவருக்கும் தவிர யாருக்குத் தெரியும்? நீதான் என்று புரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அப்போது உள்ளே ஒரு உருட்டு உருட்டியது பார், வலது பக்கம் இருந்து இடது பக்கம் வரை. முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே சிரித்துக்கொண்டு அழுதேன். எதிர் ஜன்னல் பூனை எல்லாவற்றையும் பார்த்தது. நம் அம்மாவிடம் சொல், பூனை இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஒரு நாள் பூராவும் கோபம் இருந்தது. "ஐயமே வேண்டாம்" என்று எழுதினாயே, அந்த ஒரு வரிக்காகவாவது உன் காதைத் திருக வேண்டும். ஆனால் நானும் சும்மா இல்லை. கேட்க வேண்டியதை உடைத்துக் கேட்டிருந்தால் நீ உடைத்துச் சொல்லியிருப்பாய். எதைப் பற்றி என்று சொல்லாமல் அர்த்தம் கேட்டால் அகராதி மட்டும் என்ன செய்யும்?

இன்னொன்று. "வேலை செய்கிற இடத்தில்" என்று நான் எழுதியது பொய் இல்லை. அந்த ஸ்கேன் அம்மாள் வேலை செய்கிற இடம்தான் அது. யார் வேலை செய்கிற இடம் என்று நீ கேட்கவே இல்லையே. கமா என்று பேர் வைத்துக்கொண்டு எழுவாயைத் தவற விட்டுவிட்டாய்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானே அந்த அம்மாளைத் தேடிப் போய், வயிற்றைத் தொட்டுக் காட்டி, "ஸ்க்வெர்ம்?" என்று கேட்டேன். அவள் கையைக் காற்றில் ஆட்டி, தோளைக் குலுக்கி, இடுப்பை வளைத்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினாள். அந்த வராந்தாவில் எல்லாரும் சிரித்தார்கள். இதைப் பிப்ரவரியிலேயே கேட்டிருக்கலாம்.

இப்போது நடக்கிறேன், புரள்கிறேன், இவரைத் திட்டுகிறேன். இவருக்குத்தான் ரொம்ப நிம்மதி. திட்டு வாங்கி எத்தனை நாள் ஆயிற்று என்கிறார்.

அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. நீயே முடிவு செய். உன் முடிவுக்கு விட்டுவிட்டேன்.

வாலு


மே 14

அன்புள்ள வாலுக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதச் சொன்னது அம்மா.

உன் கடிதம் நேற்று வீட்டு முகவரிக்கே வந்து, அம்மா கையிலேயே சேர்ந்துவிட்டது. "வாசி" என்றாள். நான் பூனை, கிழவர் என்று அங்கங்கே தாவித் தாவி வாசித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். இனி அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு எழுத்தையும் திருத்தக் கூடாது என்று உத்தரவு.

"ஏண்டி, உங்கண்ணன் அச்சாபீஸ்ல என்ன கிழிக்கிறான்னு எனக்குத் தெரியாது. வீட்ல வாசிக்கத் தெரியல. மாசிலேருந்து பாக்கறேன், உன் லெட்டர்ல கமா இல்லாத எடத்துல எல்லாம் நிறுத்தறான். நிறுத்தற எடத்துல எல்லாம் எதையோ முழுங்கறான். எனக்குக் கண்ணுதாண்டி மங்கல், காது மங்கலா? உனக்கு ஏதோ பெரிய சீக்கு, அதான் மறைக்கறாங்கன்னு நெனச்சேன். இல்ல, மாப்பிள்ள உன்னைக் கை விட்டுட்டாரோன்னு நெனச்சேன். ராத்திரி இவன் தூங்கறான்னு நான் கண்ணை மூடிட்டுக் கெடந்தேன். நான் தூங்கறேன்னு இவன் கெடந்தான். நேத்திக்கு உக்கார வச்சுக் கேட்டேன், எல்லாத்தையும் கொட்டிட்டான்.

"தாங்கமாட்டேன்னு நான்தான் சொன்னேன். வாயை வச்சிட்டு சும்மா இருந்தேனா? அதை நீ புடிச்சுக்கிட்டுத் தனியா அத்தனையும் தாங்கியிருக்கே. இனிமே அப்படிப் பண்ணாதே. நல்லதோ கெட்டதோ, எனக்கு எழுது. தெரிஞ்ச கெட்டதைத் தாங்கிடலாம்டி, இவன் நிறுத்தி நிறுத்தி வாசிக்கறதைத்தான் தாங்க முடியல.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். உங்கண்ணன் வயித்துல இருந்தப்ப அசையவே மாட்டான். இருக்கானா இல்லையான்னு தட்டித் தட்டிப் பாக்கணும். பொறந்தப்புறமும் அப்படியேதான், பேப்பரைப் பாத்துட்டே உக்காந்திருக்கான். நீதாண்டி ஒரு நிமிஷம் சும்மா இருக்கல. உருட்டு, பொரட்டு, ஒதை. உள்ளே வாலு ஒண்ணு இருக்குதுன்னு அப்பவே நான் சொன்னேன். அந்தப் பேருதான் உனக்கு ஒட்டிக்கிச்சு. உன் புள்ளையும் நெளியட்டும். நல்லா நெளியட்டும்."

அம்மா சொன்னது முடிந்தது. இப்போது அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறாள். மருந்து என்கிறாள். நான் இன்னும் மருந்தே ஊற்றவில்லை.

அகராதி எஸ் எழுத்துக்கு வந்துவிட்டது. பேராசிரியரைப் பார்த்து, ஒரு பொருள் விட்டுப்போயிருக்கிறது என்றேன். "ஆதாரம் இருக்கா?" என்று கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என் தங்கை வயித்துல இருக்கு சார்" என்றேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முழுக் கதையையும் கேட்டுவிட்டு, பேனாவை எடுத்துத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார். அச்சானதும் பக்கத்தை அனுப்புகிறேன்.

உன் அண்ணன்


ஜூலை 6

அன்புள்ள அண்ணா, அம்மா,

நாங்கள் மூவரும் சுகம். இப்படி எழுத எனக்கு எத்தனை ஆசை தெரியுமா? மூவரும்.

இவர் அடித்த தந்தி கிடைத்திருக்கும். பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல். குரல் மட்டும் மூன்று மாடிக்கும் கேட்கிறது. நர்ஸ் துடைத்து என் மார்மேல் போட்டதும், அழக்கூட இல்லை, உடம்பைக் கோணல்மாணலாக முறுக்கி, காலை என் விலாவில் ஒரு உதை உதைத்தாள். உள்ளே இருந்து வாங்கிய அதே உதை. இவள்தான் அது என்று எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த அன்று கீழ் அறைக் கிழவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முறைக்கவில்லை. "ஸ்க்வெர்ம் குட்?" என்று கேட்டார். துணியை விலக்கிக் காட்டினேன். அவள் அவருக்கென்றே நாலு நெளி நெளிந்து காட்டினாள். "குட்" என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு குட்டிப் போர்வை மடித்து வைத்திருந்தது. கைப்பின்னல், கொஞ்சம் பழசு. யாருக்காக வைத்திருந்தாரோ தெரியாது. அவரைக் கேட்கிற அளவு ஆங்கிலம் எனக்கு இன்னும் வரவில்லை. இவளுக்கு அதைத்தான் போர்த்துகிறேன்.

இவர் எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் போட முடியுமா என்று படிக்கட்டை அளந்துகொண்டு திரிகிறார். முடியாது என்று அவருக்கே தெரியும். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

நீ அனுப்பிய அகராதிப் பக்கம் நேற்று வந்தது. மடிப்பில் கிழியாமல் பிரித்து, இவளை மடியில் வைத்துக்கொண்டு உரக்க வாசித்தேன்: "3. (குழந்தை) ஓரிடத்தில் நில்லாமல் துடியாக நெளி. எ-டு: வயிற்றில் குழந்தை நன்றாக நெளிகிறது, கவலை வேண்டாம்." அகராதியில் "கவலை வேண்டாம்" என்றெல்லாம் எழுதுவார்களா, அண்ணா? இது பேராசிரியர் போட்டதா, இல்லை நீ புரூஃபில் செருகியதா? பேராசிரியர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

வாசித்து முடித்ததும் இவள் கொட்டாவி விட்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி, முழுப் பொருளையும் செய்து காட்டினாள்.

இரவு இவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு நெளி நெளிவாள். அப்புறம்தான் நானும் படுக்கிறேன்.

அன்புடன்,
வாலும் வாலின் வாலும்

பி.கு.: அண்ணா, இதை அம்மாவுக்கு முழுதும் வாசி. எங்கும் நிறுத்தாதே.